சிவப்புத் துணி கட்டிய வாசல்கள்

2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5, 6 ஆகிய இரு நாள்களிலும் பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள சமோவா என்னும் தீவு நாடு கதவடைத்துக் கிடந்தது. அலுவலகங்கள் திறக்கவில்லை, கடைகள் திறக்கவில்லை, சாலைகளில் வண்டி ஓட்டம் இல்லை. அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர் ஒருவரேனும் இருக்கும் வீட்டின் முன் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்பது அரசாணை. அரசு ஊழியர் வண்டியோட்ட, செவிலியர் ஊசியும் மருந்துமாக ஊர் ஊராகச் சென்றனர். துணி தொங்கிய வாசலில் வண்டி நின்றது. உள்ளே சென்று, இருந்தவர்களுக்கு ஊசி போட்டுவிட்டு, அடுத்த சிவப்புத் துணியைத் தேடிப் புறப்பட்டனர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று வாரமே இருந்தது. அதற்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் அந்நாட்டில் மாண்டிருந்தனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பால் மணம் மாறாத பிள்ளைகள்.

ஒரு நாட்டையே வீட்டுக்குள் நிறுத்தி வைத்த அந்நோய் யாது? பிளேக்கும் அன்று, காலராவும் அன்று. தட்டம்மைதான். நம் பாட்டிமார் ‘மணல்வாரி’ என்று சொல்லி, ‘எந்தப் பிள்ளைக்குத்தான் வரவில்லை? ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விடும்’ என்று ஆறுதல் கூறினார்களே, அதே நோய். போய்விட்ட பிள்ளைகளின் கணக்கைப் பாட்டிமார் வைத்திருந்தனர். ஆனால் அதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கல்லறைத் தோட்டங்களில் சிறு சிறு சிலுவைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமான நோய்களுள் இதுவும் ஒன்று.

சமோவா மக்கள் நமக்கு அந்நியர் போலத் தோன்றலாம். எனினும் அவர்களுடைய நாள் நடப்பைக் கேட்டால் நம் பங்கு மக்களுக்கு அது புதிதாக இராது. உப்போலு, சவாயி என இரண்டு பெருந்தீவுகள். மக்கள் தொகை ஏறத்தாழ 2 இலட்சம். நாட்டின் அடித்தளம் கடவுளே என்று தம் அரசுச் சின்னத்தில் பொறித்து வைத்திருப்பவர்கள். மாரிஸ்ட் சபைக் குருக்கள் 1845-இல் அங்கே சென்று இறங்கினர். பிற சபையார் அதற்கு முன்பே வந்திருந்தனர். ஊருக்கு ஊர் கோயில், ஞாயிறு தவறாத வழிபாடு, குழந்தைகள் நிறைந்த வீடுகள். இத்தகைய நாட்டில் பிள்ளைகள் ஏன் மாண்டனர் என்பதை ஆற அமர எண்ணிப் பார்ப்பது நமக்கும் தேவையானதே.

முதலில் இந்நோயின் போக்கைச் சிறிது அறிந்துகொள்வோம். தட்டம்மையைப் போல் விரைந்து பரவும் தொற்றுநோய் வேறொன்றைக் காண்பது அரிது. நோய் கண்ட பிள்ளை இருமிவிட்டு அறையை விட்டுப் போன பின்னும், இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி உயிரோடு நிற்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப் பேர் அருகில் இருந்தால் அவர்களுள் ஒன்பது பேருக்குத் தொற்றும். உடலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்பே பிள்ளை பிறருக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. அப்போது தாய் அதைச் சாதாரணச் சளி என்றே எண்ணியிருப்பாள். காய்ச்சலும் தடிப்பும் பெரும்பாலும் தணிந்துவிடும். உயிரைக் குடிப்பவை அவற்றைத் தொடர்ந்து வரும் நிமோனியா காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளையே வீங்குவதும் உண்டு. கிருமியைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. வைட்டமின் ஏ கொடுப்பதும், உடலுக்குத் துணை செய்வதும், காத்திருப்பதுமே மருத்துவர் செய்யக்கூடியவை.

ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வராது என்பது இந்நோயின் மற்றோர் இயல்பு. இதை ஐயமற நிறுவியவர் பீட்டர் பானும் என்னும் டென்மார்க்கு இளைஞர். 1846-இல் வட அட்லாண்டிக் பெருங்கடலின் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டனர். அரசு அவரை அனுப்பி ஆராயச் சொன்னது. அத்தீவுகளில் இதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். இடையே 65 ஆண்டுகள் வரவேயில்லை. 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர் ஒருவரையும் இம்முறை அது தொடவில்லை என்பதைப் பானும் வீடு வீடாகச் சென்று கண்டறிந்தார். ஆக, இந்நோய் நாட்டையோ நிறத்தையோ பார்த்து வருவதில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் எங்கே திரண்டிருக்கிறார்களோ, அங்கே ஒரு கப்பலுக்காகக் காத்திருக்கிறது.

கப்பல் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சமோவாவின் அண்டை நாடாகிய ஃபிஜி 1875-இல் கண்டது. அத்தீவுகளை ஆங்கிலேயருக்கு ஒப்படைத்த அரசர் தாக்கொம்பாவு, சிட்னி நகருக்கு விருந்தாகச் சென்று ‘டைடோ’ என்னும் போர்க்கப்பலில் திரும்பினார். கப்பலோடு தட்டம்மையும் வந்திறங்கியது. அரசரை வரவேற்கக் கூடிய குலத்தலைவர்கள் அதைத் தத்தம் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். சில திங்களில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தனர். நான்கு பேரில் ஒருவருக்கும் குறையாது என்பர். இவ்வழிவு நம்மவர் வாழ்வையும் தொட்டது. நலிந்துபோன ஃபிஜி மக்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு இழுத்துச் செல்லலாகாது என்று ஆளுநர் ஆர்தர் கார்டன் தீர்மானித்தமையால், 1879 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அங்கே ஏற்றுமதி செய்யப்பட்டனர். 1903-க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற தமிழர்களும் அவர்களுள் உண்டு. வரலாற்றின் இழைகள் எங்கெங்கோ சென்று முடிச்சிடுகின்றன!

1963-இல் தடுப்பூசி வந்த பின் இக்கொடுமை ஓய்ந்திருக்க வேண்டும்; பெரும்பகுதி ஓயவும் செய்தது. ஓலைக் குடிசைகள் நெருங்கிய தெருவில் ஒன்று பற்றினால் எல்லாம் எரியும். நடுநடுவே ஓட்டு வீடுகள் வந்துவிட்டால் தீ அங்கங்கே நின்றுவிடும். ஓட்டு வீடுகளுக்கு இடையே நிற்கும் ஓரிரு குடிசைகளும் தப்பும். தடுப்பூசி செய்வது இதைத்தான். ஊசி போட இயலாத மிகச் சிறு குழந்தைகளும் நோயாளிகளும் அந்த ஓரிரு குடிசைகள். ஆனால் தட்டம்மையின் தீ மிகக் கடியது. நூற்றுக்கு 95 வீடுகளாவது ஓட்டு வீடுகளாக இருந்தால்தான் அது நிற்கும்.

சமோவாவில் 2018-ஆம் ஆண்டு இந்தக் கணக்கு நூற்றுக்கு 31 ஆக வீழ்ந்தது. அவ்வளவு தாழ வீழக் காரணம் என்ன?

அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள், சவாயித் தீவின் சஃபோட்டு மருத்துவமனையில் ஒரு வயதுக் குழந்தைகள் இருவருக்குத் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசி போடப்பட்டது. இருவரும் அன்றே இறந்தனர். இங்கே ஒரு நுணுக்கத்தை வாசகர் அறிய வேண்டும். இம்மருந்து நீர்மமாக வருவதில்லை. உலர்ந்த தூளாகச் சிறு குப்பியில் வருகிறது. ஊசி போடுமுன் அதற்கென்றே உள்ள தூய நீரை விட்டுக் கரைக்க வேண்டும். அன்று அந்நீருக்குப் பதிலாக, அறுவை மருத்துவத்தின்போது நோயாளியின் தசைகளைத் தளர்த்தப் பயன்படும் மருந்தை, அதுவும் காலம் கடந்துபோன மருந்தை, செவிலியர் விட்டுக் கரைத்துவிட்டனர். மூச்சு விடும் தசைகள் அடங்கிப்போனால் ஒரு வயதுக் குழந்தை என்ன செய்யும்? முதற்குழந்தை இறந்த பின்னும் இரண்டாம் குழந்தைக்கு ஊசி போடப்பட்டது என்பதே நம்மால் தாங்க இயலாத செய்தி.

ஊசி மருந்தில் குற்றமில்லை. கலந்தவர் கையில்தான் குற்றம். ஆனால் இதை நாம் இன்று, எல்லாம் வெளிவந்த பின், சாவகாசமாக எழுதுகிறோம். அன்று சவாயித் தீவின் தாய்மார் கேட்டது ஒன்றே: ஊசி போட்டார்கள், குழந்தை இறந்தது. செவிலியர் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றது 2019 ஆகஸ்டில்தான். ஓராண்டுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியை யார் நிரப்புவது? வதந்தி நிரப்பிற்று. கடல் கடந்த நாடுகளிலிருந்து தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் முகநூல் வழியே அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தனர். அரசோ அத்தடுப்பூசியை நாடு முழுவதும் பல திங்கள் நிறுத்தி வைத்தது. உடனே நிறுத்தி ஆராய்ந்தது முறையான செயலே. அதை நாம் குறைகூறோம். காரணம் தெரிந்த பின்னும் தாமதித்ததும், தொடங்கியபோது ஊர் ஊராகச் சென்று ‘நடந்தது இது, இனி நடவாமைக்கு நாங்கள் செய்திருப்பது இது’ என்று சொல்லி மக்களை அழைக்காததுமே பெரும்பிழை என்பது எம் கருத்து.

இத்தகைய வேளைகளில் படித்தவர்கள் நாவில் ‘அறியாமை’ என்னும் சொல் எளிதாக வந்துவிடுகிறது. அண்டை வீட்டுக் குழந்தை ஊசிக்குப் பின் இறந்ததைக் கேட்ட தாய், தன் குழந்தையை இறுகப் பிடித்துக்கொள்வது அறியாமை ஆகுமா? அதுவே தாய்மை. அந்தப் பிடியைத் தளர்த்தும் கடமை, உண்மையை அறிந்திருந்தும் வாய் திறவாதவர்களுக்கு உரியது.

இதற்கிடையே கடலுக்கு அப்பால், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2019-இல் தட்டம்மை பரவியது. அந்நாட்டில் 2,000-க்கு மேற்பட்டோர்க்கு நோய் கண்டது. ஆக்லாந்தில் சமோவா மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். திருமணம், இழவு, விடுமுறை என்று விமானங்களில் போவதும் வருவதுமாக இருப்பர். சமோவாவின் முதியோர்க்கு ஆக்லாந்து என்றதும் நினைவுக்கு வருவது 1918. அவ்வாண்டு நவம்பரில் ‘டாலூன்’ என்னும் கப்பல் அந்நகரிலிருந்து கொள்ளைக் காய்ச்சலைக் கொண்டுவந்து இறக்க, ஐந்து பேரில் ஒருவர் இறந்தனர். அன்று நாட்டை ஆண்ட நியூசிலாந்து, அதற்காக 2002-இல் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்து அதே வழியில், கப்பலுக்குப் பதில் விமானத்தில், வேறொரு நோய் வந்தது.

அக்டோபர் 16-இல் அரசு நோய்ப்பரவலை அறிவித்தது. நவம்பர் 15-இல் நெருக்கடி நிலை, பள்ளிகள் மூடப்பட்டன, 17 வயதுக்குட்பட்டோர் பொதுக்கூட்டங்களுக்கு வரலாகாது என்று தடை. தலைநகர் ஆப்பியாவின் மருத்துவமனையில் இடம் போதவில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து மருத்துவரும் செவிலியரும் வந்து குவிந்தனர். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தனர். அவர்கள் துயரத்தை எழுத்தில் வடிக்க முற்படுவது முறையன்று. வேறு சிலர் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், ஏதோ சிறப்புத் தண்ணீரைத் தெளித்துக் குணமாக்குவதாகச் சொன்னவரிடம் தூக்கிச் சென்றனர். தண்ணீர் தெளித்தவரைக் கண்டு நகைக்க நமக்குத் தகுதியில்லை. மூச்சுத் திணறும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் வேப்பிலை விரித்துக் கிடத்திய காலம் நம் ஊர்களில் நெடுந்தொலைவில் இல்லை.

ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கு 95 பேர் என்ற எல்லையைத் தடுப்பூசி எட்டியது. நெருக்கடி நிலை டிசம்பர் இறுதியில் நீக்கப்பட்டது. 5,700-க்கு மேற்பட்டோர்க்கு நோய், 83 சாவு. 2 இலட்சம் மக்களில் இது.

அதே ஆண்டில் தட்டம்மை டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் சென்றது. டோங்காவில் நூற்றுக்கணக்கானோர்க்கு நோய் கண்டது. ஃபிஜியில் சிலருக்குக் கண்டது. இரு நாடுகளிலும் ஒருவரும் இறக்கவில்லை. அதே கடல், அதே காற்று, அதே உணவு; வேறுபாடு தடுப்பூசிக் கணக்கில் மட்டுமே. 1875-இல் 40,000 பேரைப் புதைத்த ஃபிஜிதான் இது!

தடுப்பூசியை அச்சத்தால் விட்டவர்கள் சமோவா மக்கள். பக்தியால் விட்டவர்களும் உலகில் உண்டு. நெதர்லாந்து நாட்டில் சீர்திருத்தச் சபையாருள் ஒரு பிரிவினர், கடவுளின் பராமரிப்பில் மனிதன் தலையிடலாகாது என்று கருதித் தடுப்பூசியை மறுத்து வருகின்றனர். 2013-இல் அவர்கள் ஊர்களில் தட்டம்மை புகுந்து 2,500-க்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அப்பிள்ளைகள் சிலரின் இரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஆராய்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. வேறு நோய்களுக்கு எதிராக அவர்கள் உடலில் முன்னரே சேர்ந்திருந்த எதிர்ப்பாற்றலையும் தட்டம்மை அழித்துவிட்டிருந்தது. சிலரிடம் நூற்றுக்கு 11 பங்கு, சிலரிடம் 73 பங்கு வரை. ‘மணல்வாரி போன பிறகும் பிள்ளை தேறவேயில்லை’ என்று பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சன்று. கடவுளின் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்: திருச்சபையின் மரபு மருத்துவரைக் கடவுளுக்குப் போட்டியாக ஒருபோதும் கண்டதில்லை. மருத்துவரையும் மருந்தையும் எங்ஙனம் மதிக்க வேண்டும் என்பதைச் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தில் குடும்பமாக அமர்ந்து படித்துப் பார்க்கலாம்.

சமோவாவின் கதையை நாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. 2008 ஏப்ரலில் நம் தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்தில் நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. நாடே நடுங்கியது. அதன் பின் செவிலியர் ஊர் ஊராகச் சென்று ஊசி போடும் வழக்கத்தை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போட வேண்டும் என்று ஆணையிட்டது. பாதுகாப்பை எண்ணிச் செய்த ஏற்பாடே. ஆனால் பேருந்து ஏறிப் போக வேண்டிய தாய், ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய தாய், என்ன செய்வாள்? 2005-06-இல் எல்லாத் தடுப்பூசிகளும் பெற்ற தமிழகக் குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்தாண்டு கழித்து 2015-16-இல் எடுத்த அதே கணக்கெடுப்பில் 70. அந்த ஆணையும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று பொதுச் சுகாதாரம் அறிந்தோர் சிலர் கருதினர். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் பள்ளிகளில் நடந்தபோது, கைப்பேசிச் செய்திகளால் கலங்கிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் எத்தனை பேர்! இயக்கத்தின் நாள்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 89 என்று ஏறியிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் 95-க்கு அது இன்னும் குறைவு. அந்தக் குறைவு நாடெங்கும் பரந்து கிடப்பதில்லை. சாலை வசதியற்ற குப்பங்களிலும், செங்கல் சூளைகளிலும், வேலை தேடி ஊர் மாறும் குடும்பங்களிலும் திரண்டு கிடக்கிறது. நம் பங்குகளின் கிளைக் கிராமங்கள் பல இத்தகையவையே.

ஆகவே பெற்றோர்க்குச் சில குறிப்புகள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இரண்டு தவணை: ஒன்பது திங்கள் நிறைந்து ஓராண்டுக்குள் முதல் தவணை; பதினாறு முதல் இருபத்து நான்கு திங்களுக்குள் இரண்டாவது. முதல் தவணை போட்டவர்களுள் பலர் இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை அரசு நிலையங்களில் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு இலேசான சளி இருப்பதனால் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஊசி போட்ட பின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருந்துவிட்டு வாருங்கள். ஓரிரு வாரத்தில் இலேசான காய்ச்சலோ தடிப்போ தோன்றினால் அஞ்ச வேண்டாம்.

இன்னொன்று. தூளில் நீர் விட்டுக் கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கரைத்த நேரம் குப்பியின் மேல் எழுதப்பட்டிருக்கும். ‘அம்மா, எந்த ஊசி போடுகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரைத்தது?’ என்று செவிலியரிடம் வினவுவதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. கடமை உணர்ந்த செவிலியர் இதற்குச் சினக்க மாட்டார். குப்பியைத் திருப்பிக் காட்டுவார்.